அடைப்பு குழாய்க்குள் இல்லை

என் மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போனில் முதலில் கூப்பிடுகிறவன் நானாக இருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று உன் கையால் சமைத்துப் பரிமாறினாய். இரண்டு வாயோடு தட்டை ஒதுக்கினேன். கோபம் வந்தால் தட்டை ஒதுக்குகிறவன் என்று வீடே அறியும். நீயும் அப்படியே எடுத்துக்கொண்டாய். ஏழு மாதமாகப் பேச்சில்லை. சோறு தொண்டையில் நிற்கிறது என்றேன். எல்லாம் வீம்பு என்று உன் அம்மா பக்கத்து வீடு வரைக்கும் சொல்லியாயிற்று. பதினோரு கிலோ இறங்கிய பிறகுதான் உன் தம்பி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

அடைப்பு உள்ளேதான் என்று டாக்டரம்மாவிடம் அடித்துச் சொன்னேன். யாரிடமும் கற்காமல் நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாதா? கேமரா விட்டுப் பார்த்தார்கள். உள்ளே சுத்தம். பிறகு ஒரு வெள்ளைக் கூழைக் குடிக்க வைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே திரையில் காட்டினார்கள்.

மகளே, அத்தனை வருஷத்தில் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. காதை வைத்துக் கேட்டுத்தான் வேலை. அன்று என் கழுத்துக்குள்ளேயே பார்த்தேன். பின்னால் கழுத்தெலும்பிலிருந்து கிளிமூக்கு மாதிரி எலும்பு முளைத்து, உணவுக்குழாயை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கூழ் அங்கே வந்து தயங்கியது. பிறகு வளைந்து, வழி கண்டுபிடித்து, இறங்கியது. எத்தனை வருஷமாக என்னைக் கேட்காமல் வளர்ந்திருக்கிறது அது! அதைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு கவளத்தையும் எப்படித்தான் இறக்கியதோ இந்தத் தொண்டை.

"குழாய் நல்லாத்தான் இருக்குங்கய்யா. சுவர்தான் வளர்ந்து இடிக்குது" என்றார் டாக்டரம்மா. இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். அந்தச் சுண்ணாம்புக் கூழை மூன்று தடவை குடித்தேன்.

வருகிற பத்தாம் தேதி கழுத்தை முன்பக்கம் திறந்து எலும்பைச் செதுக்குகிறார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம். குரல் கம்மிப் போகலாம், சிலருக்குத் திரும்பாதாம்.

நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை, அதை மாற்றி எழுத மாட்டேன். ஆனால் அன்று உன் சோற்றை ஒதுக்கியது நான் இல்லை.

எட்டாம் தேதி வரை வீட்டில்தான் இருப்பேன். போன் அடித்தால் நானே எடுப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இரு.

அப்பா