அண்டை வீட்டின் உள்பேச்சு

2003 ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து மழை. குடை பஸ்ஸிலேயே போயிற்று. எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநர் கூப்பிட்டார். என் சீன மொழி வகுப்பில் மாணவர் நால்வர்தானாம். மூடிவிடலாமா என்று வெள்ளிக்கிழமை கமிட்டி முடிவு செய்யும். "எல்லாம்தான் இங்கிலீஷில் வருகிறதே" என்றார். சீனாவைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர். சீனம் ஓர் எழுத்து தெரியாது. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

ஜூலை 9, புதன்
வாங்க: கோதுமை மாவு, கொத்தமல்லி, குடை.
எங்கள் சாங்வி குடியிருப்பு முழுக்க நான்தான் சீன நிபுணர். மாடிவீட்டு ஜோஷி, படியில்: "சண்டை வருமா?" தெரியாது என்றேன். முகம் விழுந்துவிட்டது.
மனைவி சாந்தா: "தெரியாதுன்னு சொல்லவா இத்தனை வருஷம் படிச்சீங்க?"
"அதுக்குத்தான் இத்தனை வருஷம் ஆச்சு."
சிரிக்கவில்லை. வகுப்பு போனால் என்ன செய்வேன் என்று அவளும் கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்
நூலகம். சீன அரசின் செய்தித்தாள், ஒரே நாள், ஆங்கிலத்திலும் சீனத்திலுமாக இரண்டு பதிப்பு. ஓர் அணை பற்றிய செய்தி. ஆங்கிலத்தில், ஜனங்கள் மகிழ்ச்சியோடு இடம்பெயர்ந்தார்கள். சீனத்தில் அதிகாரிகளுக்குத் திட்டு: நஷ்டஈடு ஏன் போய்ச் சேரவில்லை? சீனத்தை மொழிபெயர்த்து, இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்தேன்.

ஜூலை 11, வெள்ளி
கமிட்டி. வடை நன்றாக இருந்தது. இரண்டு தாளையும் கொடுத்தேன். எல்லோரும் படித்தார்கள். பக்கத்தில் கமிட்டி உறுப்பினர் பிரிகேடியர் செல்வராஜ், வேலூர்க்காரர், ஓய்வுபெற்று கடக்வாஸ்லா பக்கம் குடியிருப்பவர். தமிழில் முணுமுணுத்தார்: "எங்க வீட்லயும் இதான் ப்ரொஃபசர். விருந்தாளி இருந்தா மருமக தங்கம். வாசல் தாண்டட்டும், அப்புறம் கேளுங்க."
பிறகு சபைக்கு, ஆங்கிலத்தில்: இவ்வளவு நாளும் நாம் விருந்தாளியாகவே உட்கார்ந்திருக்கிறோம்.
இயக்குநர்: "ஆனால் மாணவர் நாலு பேர்தானே?"
பிரிகேடியர்: "ஐந்து. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."
ஒரு வருடம் நீட்டிப்பு. சாந்தாவிடம் சொன்னேன். "சரி, அந்தக் குடையை வாங்குங்க" என்றாள். குரலில் வெயில்.

ஜூலை 14, திங்கள்
மழை விட்டிருந்தது. முதல் பெஞ்சில் பிரிகேடியர், சீவிய பென்சிலோடு. பத்து நிமிடத்தில் இயக்குநர் உள்ளே வந்தார். கமிட்டிக்கு அறிக்கை தர வேண்டுமாம், சும்மா பார்வையிட. கடைசி பெஞ்ச். மணியடித்தும் எழுந்திருக்கவில்லை. கையால் மறைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'நான்' என்பதற்கான சீன எழுத்து. ஒரு கோடு குறைவு. காட்டினேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.