மூன்றாவது படம்

மயிலாப்பூர்
4-6-1935

என் உயிருக்கு உயிரான ஹாஜிரா அக்காவுக்கு, தங்கை சகினா ஸலாம் சொல்லி எழுதுவது.

சுகமென்று எழுதினால் பொய்யாகும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு கண் இருட்டுகிறது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போகையில் தெருக்கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோக ஆரம்பித்த பிறகுதான் இப்படி. போன வியாழன் அடுப்பண்டை விழுந்துவிட்டேன். ஜன்னல் வழியே பார்த்த மீன்காரி கெங்கம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அந்த வெட்கத்துக்காகவே அவர் உன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரச் சம்மதித்தார்.

இருதயத்தின் மின்சாரத்தைப் படம் பிடிப்பார்களாமே? உடம்பில் கரண்ட் விடுவார்களா? அந்த அறையிலேயே ஆயாவாக இருப்பவள் நீ, உனக்குத் தெரியாததா?

இன்னொன்று. படத்தில் எனக்கு வியாதி இருப்பதாக வரும்படி ஏதாவது செய்ய முடியாதா? ஆஸ்பத்திரி வேலைக்காரி என்று மூன்று வருஷமாக உன்னைப் படியேற விடாதவர், நான் சீக்காளி என்றால் உன்னிடமே தள்ளிவிடுவார்.

பதிலைக் கெங்கம்மா பெயருக்கு அனுப்பு. ஜன்னல் கம்பி வழியே தருவாள்.

சகினா

திருவல்லிக்கேணி
7-6-1935

கண்ணே சகினா,

பயப்படாதே. உடம்புக்குள் எதுவும் விடமாட்டார்கள். இருதயம் துடிக்கிறபோது அதுவே துளி மின்சாரம் உண்டாக்குகிறதாம். மெஷின் அதைக் கோடாக எழுதிக்கொள்ளும். உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் வைப்போம். தண்ணீரை வெதுவெதுப்பாக நானே ஊற்றுவேன். வளையலும் கொலுசும் வீட்டிலேயே இருக்கட்டும். கை தளர்வான சட்டை போட்டு வா. அசையாதே, பேசாதே, நீ நடுங்கினால் கோடும் நடுங்கும். மூன்று படம் எடுப்பார்கள். வலி கிடையாது.

நீ கேட்ட மற்றதை நான் செய்ய மாட்டேன். செய்தாலும் ஆகப்போவதென்ன? நீ சீக்காளி என்றால் உன் மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்ப்பாள். உன்னை அதே அடுப்படியில் வைத்துக்கொண்டே பார்ப்பாள்.

மாப்பிள்ளை வெளியே நிற்பார். உள்ளே நான் இருப்பேன்.

ஹாஜிரா

மயிலாப்பூர்
18-6-1935

அக்கா,

வலிக்கவே இல்லை. நீ என் காலைப் பிடித்து ஜாடியில் வைத்தபோதுதான் அழுகை வந்தது. அசையக்கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

நேற்று அவர் முடிவை வாங்கி வந்தார். "கல்லு மாதிரி கீதாம் உன் நெஞ்சு! இத்தினி நாளு நடிச்சுக்கினு இருந்தியா? தெருவைக் கூட்டி என் மானத்தை வாங்கினியே" என்றார். மாமியார் சிரித்தாள். ஜன்னலுக்குப் பலகை அடிக்கத் தச்சன் நாளை மறுநாள் வருகிறான். அப்புறம் கெங்கம்மா குரல்கூடக் கேட்காது.

இருதயம் நன்றாக இருக்கிறதென்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆண்டவன் மன்னிக்கட்டும். இனி எழுத வழியில்லை.

சகினா

திருவல்லிக்கேணி
19-6-1935

சகினா,

இன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உன் படங்களைக் காட்டினார். முதல் இரண்டிலும் கோடுகள் சீராகப் போகின்றன. மூன்றாவதில் பாதிக்கு மேல் நெருக்கியடித்து ஓடுகின்றன. "இந்த இடத்துல என்ன நடந்துது ஹாஜிரா? நீதானே கூட இருந்தே?" என்றார்.

எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை வெளியிலிருந்து கதவைத் தட்டி, "இன்னும் எம்மா நேரம்?" என்று கத்தினார். அதைச் சொன்னேன். பூட்டையும் சொன்னேன்.

டாக்டரம்மா படத்தை மேஜைமேல் வைத்தார். "இதுக்கு நான் என்ன மருந்து எழுதறது? அவளுக்குப் போக இடம் இருக்கா?" என்றார்.

"இருக்கும்மா" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. உன் தெருமுனைவரை வந்து எத்தனை முறை திரும்பிப் போயிருக்கிறேன்!

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியை அழைத்துக்கொண்டு வருகிறேன். முத்தவல்லி கேட்டால், 'அக்காவோடு போகிறேன்' என்று உன் வாயால் சொல்லு. அது போதும்.

ஹாஜிரா

சாந்தோம் குப்பம்
20-6-1935

அக்கா,

உன் கடிதத்தைக் கெங்கம்மாவின் குடிசையில் உட்கார்ந்துதான் படித்தேன். அதற்குள் நான் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய் என்று முதலில் இங்கே வந்தேன்.

காலையில் தச்சன் பலகைகளை உள்ளே கொண்டுவரத் தெருக்கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். வாசலில் அவர் நின்றிருந்தார்.

"எங்கே போறே?"

"அக்கா வூட்டுக்கு."

"போனா திரும்பி வர முடியாது, தெரிஞ்சுக்கோ."

"சரி" என்றேன். தச்சன் பலகையோடு ஒதுங்கி வழிவிட்டான். அவர் என்னைத் தடுக்கவில்லை, அக்கா. தடுப்பார் என்றுதான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

கச்சேரி ரோட்டில் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓட்டமாக நடந்ததால் இருக்கும்.

கெங்கம்மாவே இதை உன் கையில் தருவாள். முத்தவல்லியை நாளைக்குத் தொந்தரவு செய்யாதே. வேலை முடிந்ததும் நேரே இங்கே வா. வரும்போது ஒரு ஜோடி செருப்பு கொண்டு வா. மணல் சுடுகிறது.

சகினா