காட்டுப்பன்றிக் கறியும் எங்கள் பாடும்

ஞாயிறு, இரவு.

படுத்துப் பார்த்தேன், கோபம் தூங்கவிடவில்லை.

என் கணவரின் சிநேகிதர் எளாவூரிலிருந்து காட்டுப்பன்றிக் கறி கொண்டுவந்தார். விரல் தடிமனுக்குக் கொழுப்பு. வேட்டையாடினால் கேஸ் ஆச்சே, ஏது என்று கேட்டேன். இருவரும் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஏரியைப் பார்த்தார்கள்.

வாசலில் கறியைச் சுட என் கணவரே உட்கார்ந்தார்.

"கொழுப்பு உருகி சொட்டும்யா. நெருப்பு அடங்கி தணலாவட்டும், அப்பால வை" என்றேன்.

"மடவை மீனு சுட்டே வளந்தவன் நானு. எனக்கே சொல்லித் தர்றியா?"

மீன் சுடுவதுபோலவே சவுக்கு மிலார்க் குச்சிகளைக் கொளுத்தி, எரியும் தீயிலேயே கறியை வைத்தார். கொழுப்பு சொட்டியதும் தீ குப்பென்று எழும்பி, பக்கத்துக் கொடியில் காய்ந்த இறால் வலையைப் பிடித்துக்கொண்டது. நான் தண்ணீர் ஊற்றி அணைப்பதற்குள் பாதி வலை உருகிவிட்டது.

நாளை ஏரியில் வலைபோட எங்கள் பாடு. இதை விட்டால் ஊரில் எல்லா வீட்டு முறையும் முடிந்துதான் மறுபடி எங்களுக்கு வரும்.

இவர் என்னிடம் கத்துகிறார்: "வலைய இன்னாத்துக்கு இங்க மாட்ன?"

காலையில் மாட்டியதே இவர்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிநேகிதர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னா அண்ணி, மேல கருகிப்போய் உள்ள பச்சையா கீது. இப்டியா சுடுவீங்க?"

என்னைக் கேட்கிறார்!