அண்ணன் இருக்கும் சுதந்திர நாடு

2006 ஆகஸ்ட் 11, வெள்ளி

நியூயோர்க்கிலிருந்து அண்ணன் போன் எடுத்தான். "படிப்பையும் விட்டிட்டு எல்லைக்கு அங்கால அந்தச் செயின்ட்-மிஷேலுக்குள்ள ஏன்டா கிடக்கிறாய்? இஞ்ச வா. ஆரையும் கேக்காமல் நினைச்சபடி வாழலாம். சுதந்திர நாடு." ஒவ்வொரு முறையும் இதே பிரசங்கம்தான்.

"அது கிடக்கட்டும். அக்கான்ர கலியாணத்துக்கு எப்ப வாறாய்?" என்று கேட்டேன்.

குரல் இறங்கிவிட்டது. "என்னட்டைப் பேப்பர் இல்லையடா. எல்லை தாண்டினால் திரும்ப உள்ள விடமாட்டாங்கள். அம்மாவுக்கு நீயே சொல்லு."

"வெளியில போக ஏலாதெண்டால் அதென்ன சுதந்திரம் அண்ணை?"

"விசர்க் கதை கதையாதை." வைத்துவிட்டான்.

அம்மா அவனுக்கு வாங்கிய பட்டுச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். "கொண்ணன் மெலிஞ்சிருப்பானோ? இது அளவாயிருக்குமோ?"

"இருக்கும் அம்மா" என்றேன்.

சுதந்திரம் அவனுக்காம். அம்மாவை அழவைக்கிற வேலை மட்டும் எனக்கு.