நெய்ப்பந்தம் பிடிக்க ஆள்

இன்று காலை எதிர்த் தெருவில் ஒரு சாவு. துட்டிக்குப் போய்வந்து தலைக்குக் குளித்த பிறகும் நெய்ப்பந்தத்தின் கருகல் வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. பழந்துணியைக் குச்சியில் சுற்றி, நெய்யில் நனைத்துக் கொளுத்தி, பேரப்பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்கிற பந்தம். அந்த வாடை வந்தால் எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது. அதில் பாதி உன் மேல்.

போன ஆனியில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, சடங்கு செய்ய வந்தவர் பழக்கதோஷத்தில் பந்தங்களைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். "பேரன் பேத்தியெல்லாம் வாங்க" என்று கூப்பிட்டும்விட்டார். உன் கணவரின் அண்ணன்தான் சொன்னார்: "பெத்திருந்தாத்தானவே பேரன் வருவான்."

அவருடைய பேரன்கள் அவர் பக்கத்திலேயே நின்றார்கள். முறைப்படி உனக்கும் அவர்கள் பேரன்கள்தான். அனுப்பியிருக்கலாம். மனுஷன் அனுப்பவில்லை. கொளுத்தாத பந்தங்கள் சுவரில் சாய்ந்து கிடந்தன. உன் கணவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். "விடுட்டி."

குற்றாலத்தில் ஐந்தருவிக் கரையில் தலை துவட்டிக்கொண்டு நின்றபோதும் அதைத்தான் சொன்னாய். யாரோ ஒரு அம்மா எத்தனை பிள்ளை என்று கேட்டாள். நீ மறைக்காமல், "வேண்டாம்னு வச்சிட்டோம்" என்றாய். "பெறாம இருக்குதது பாவம்லா" என்று சொல்லி, தன் குழந்தையை உன் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள். நான் கொதித்தேன். நீ சிரித்தாய். "அவளுக்கு அது சரி, எனக்கு இது சரி. பிள்ளை விஷயத்துல எல்லாருக்கும் பொதுவா சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாதுட்டி. அதெல்லாம் கணக்குலதான் உண்டு."

பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டாய். அவர்கள் கையில் கம்பைக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டினாய் என்றுதான் நான் சொல்வேன். எல்லாம் அவரவர் விருப்பம் என்றால், உன்னை அவமானப்படுத்தியதும் அவர்கள் விருப்பம்தானே? அதை எதை வைத்துக் கண்டிப்பது?

பள்ளிக்கூடத்தில் நீ இப்படியா இருந்தாய்? பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, நீ கணக்கு நடத்துகிற குரல் சுவர் தாண்டிக் கேட்கும். "விடை தெரியலைன்னா பரவாயில்ல. இது விடை இல்லைன்னு தெரியும்லா? முதல்ல அதை அடி!" சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு தப்பு போடுவாய். யார் பிள்ளை என்றெல்லாம் பார்க்க மாட்டாய்.

இன்றைய துட்டிக்கும் உன் கணவரின் அண்ணன் வந்திருந்தார். பந்தம் எரிந்துகொண்டிருக்கும்போதே, தை மாதம் கல்யாணமான என் மகளிடம் சொன்னார்: "ஏட்டி, சீக்கிரம் ஒண்ணைப் பெத்துப் போடு. இல்லன்னா அந்தக் கணக்கு டீச்சர் மாதிரி பந்தம் பிடிக்க ஆளில்லாமப் போவ."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அண்ணாச்சி, அது தப்பு. பந்தம் பிடிக்கதுக்குன்னு ஒரு உசிரைப் பெறச் சொல்லுதது தப்பு. பெறாதவன்னு செத்தவளை அவமானப்படுத்தினது அதவிடத் தப்பு. உங்க வீட்லயும் தப்பு, எங்க வீட்லயும் தப்பு, செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்குப் போனாலும் தப்பு."

"அது உன் அபிப்ராயம்மா" என்றார். உன் வசனத்தையே என்னிடம் திருப்பினார்!

"அபிப்ராயம் இல்ல அண்ணாச்சி, தப்பு" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள். "அப்போ பெத்துக்கிடுதது சரியாம்மா, தப்பா?"

"அது எனக்குத் தெரியாதுட்டி. அவர் சொன்னது விடை இல்ல. அது தெரியும்."

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பில் தப்பு போட்டாய், உனக்காக ஒரு தடவைகூடப் போடவில்லை. அந்தச் சிவப்புத் தப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. இனி யார் அப்படிப் பேசினாலும் போடுவேன். உன் "விடுட்டி"யை மட்டும் நீயே வைத்துக்கொள்.