மணியின் நாக்கைச் சுற்றிய சேலை

பெப்ரவரி 11, செவ்வாய்
கோயில் கூட்டம். அந்தோனியார் திருநாளுக்கு முன் புது மணி வாங்கப் போகிறார்களாம். பழைய மணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழும்பினேன். "அது மண்ணுக்குள்ளை கிடக்கு. தாட்டது நானும் சவிரிமுத்து அண்ணையும்" என்றேன். தலைவர் அம்புறோஸ் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம் அண்ணை, இருக்கட்டும்" என்றார். பின்வாங்கில் ஒருத்தன், "பழைய இரும்பு வாங்கிறவனைக் கேட்டால் இடம் தெரியும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து இந்தச் சிரிப்புத்தான்.

பெப்ரவரி 12, புதன்
தெரிந்ததை எழுதி வைக்கிறேன். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட நாள். சனமெல்லாம் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. நானும் சவிரிமுத்து அண்ணையும் மணியை வேப்பமரத்திலிருந்து இறக்கினோம். நாக்கு ஆடிச் சத்தம் போடாமல் இருக்க என் மனைவி மாக்கிறேற்றின் சேலையைக் கிழித்துச் சுற்றினோம். நீலச் சேலை. ஓரத்தில் வெள்ளைக் கோடு. கிடங்கு வெட்டித் தாட்டோம்.

எங்கே? அது மட்டும் வருகுதில்லை. திரும்பி வந்தபோது வேலியுமில்லை, பனையுமில்லை. ஆமிக்காரர் காவலரண் கட்ட மண்ணையே புரட்டியிருந்தார்கள். அண்ணை இடம்பெயர்ந்த இடத்திலேயே செத்துப்போனார். இருக்கிற ஒரே சாட்சி நான். கள்ளன் என்று பெயர் எடுத்தவனும் நான்.

பெப்ரவரி 23, ஞாயிறு
மகள் யூலியானா வந்தாள். நான் நித்திரையில் பல்லைக் கடிப்பது பக்கத்து அறைக்குக் கேட்குதாம். "அப்பா, டவுனிலை நிலாந்தினி எண்டு ஒரு டொக்டர் இருக்கிறா. அறிதுயில் சிகிச்சை செய்யிறவ. நித்திரைக்கு நல்லம்."

நித்திரை யாருக்கு வேண்டும்? அறிதுயிலைப் பற்றி நான் பழைய புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆளை உறங்க வைத்துவிட்டுக் கேட்டால் உள்ளே கிடப்பதெல்லாம் வெளியே வரும். அம்புறோஸ் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். இடத்தை என் வாயாலேயே சொல்கிறேன். பிறகு சிரிக்கட்டும் பார்ப்போம்.

மார்ச் 6, வியாழன்
அம்புறோஸைச் சாட்சிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அவருடைய புறுபுறுப்பு. "அண்ணை, என்னையும் சேர்த்து நித்திரையாக்கிப் போடுவாவோ? மனிசி தேடுவா."

டொக்டரின் அறையில் சங்கிலியில் ஆடும் மணிக்கூடு இல்லை, திரை இல்லை. ஒரு மின்விசிறி, மூன்று கதிரை. டொக்டர் சிறு பெண். என் திட்டத்தை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, நீங்கள் நித்திரையாக மாட்டீங்கள். நான் கதைக்கிறது, றோட்டிலை பஸ் போறது எல்லாம் கேக்கும். விரும்பினால் இடையிலை எழும்பிப் போகலாம். நீங்கள் சொல்ல விரும்பாததை ஒருத்தராலும் பிடுங்க ஏலாது."

"இடம்?"

"அதுக்கு நான் செய்யமாட்டன். ஞாபகம் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்ச சாமான் இல்லை, ஐயா. தேடத் தேட மனம் தானே ஒண்டைச் செய்து தரும். அது பிழையெண்டாலும் நீங்கள் சத்தியம் பண்ணிச் சொல்லுவீங்கள். நித்திரைக்கு எண்டால் வாங்கோ."

படித்த திமிர் என்று நினைத்தேன். வெளியே சொன்னது: "சரி, நித்திரைக்கே செய்யுங்கோ." முறையைப் பழகினால் காணும், பிறகு இடத்தை நானே தேடுவேன். எனக்குப் படகுக்கு இயந்திரம் பூட்டக் கற்றுத் தந்தது யார்? நானே பார்த்துப் பழகினது. இதுவும் அப்படித்தான்.

மார்ச் 20, வியாழன்
முதல் தடவை. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, அமைதியான கடற்கரையில் இருப்பதாக நினைக்கச் சொன்னாள். "அது எனக்கு வேலைத்தலம், பிள்ளை. கரையிலை நிண்டால் காற்றைத்தான் பாப்பன், வலையைத்தான் யோசிப்பன்" என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே ஒரு இடம் பிடியுங்கோ" என்றாள். மாக்கிறேற் சமைக்கும் குசினியின் வாசலைப் பிடித்தேன். மெல்லிய குரலில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கை நனைந்த வலை போலப் பாரமானது. வெளியே பஸ் கொண்டக்டர் கத்தினதெல்லாம் கேட்டது.

இவ்வளவுதானா? பெரிய ஏமாற்றம். ஆனால் இரவு பல் கடிக்கவில்லையாம். மாக்கிறேற் சொன்னாள்.

மார்ச் 29, சனி
கண்டுவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்து, அவள் சொன்னபடி நானே செய்தேன். கை பாரமானதும் எங்கே, எங்கே என்று கேட்டேன். கடலில் வலை விட்ட இடத்துக்கு நாங்கள் குறி வைப்பது போல, கரையில் இரண்டு பொருள் ஒரே கோட்டில் வந்து நின்றன. முன்னால் வளைந்த பனை. அதன் தலைக்கு நேர் பின்னால் கோயில் கோபுரம், உச்சியில் சிலுவை. அண்ணை காலால் மண்ணைத் தட்டி, "இதிலை" என்றார். அவருடைய வியர்வை மணத்தது. நான் அழுதுவிட்டேன்.

குறி ஒருநாளும் பிழைக்காது. என் சீவியமே அதில்தான் ஓடியது.

ஏப்ரல் 5, சனி
பனை இல்லை. அடிக்கட்டை இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நின்று, அதையும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து இடம் காட்டினேன். ஊரே வந்திருந்தது. உவர்த்தண்ணீர் ஊறும்வரை வெட்டினார்கள். சிப்பி. துருப்பிடித்த ஒரு மீன் டின். பிறகு சிப்பி. அகலமாக வெட்டச் சொன்னேன். வெட்டினார்கள். மணி இல்லை.

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அம்புறோஸ் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"அண்ணை, கோவியாதேங்கோ. கோபுரத்தைக் குறியாக் கண்டனீங்கள் எண்டனீங்கள்."

"ஓம். கண்டனான்."

"தொண்ணூறிலை ஏது கோபுரம்? ஓட்டுக் கூரைதானே. மணி வேம்பிலை எல்லோ தொங்கினது. கோபுரம் நாங்கள் திரும்பி வந்தாப்பிறகு கட்டினது."

அந்தக் கோபுரத்துக்குச் சீமெந்து குழைத்தவன் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 9, புதன்
இன்றைக்கும் கதிரையில் இருந்து பார்த்தேன். வேறு இடம் வந்தது. அதுவும் துலக்கமாகத்தான் வந்தது. அதிலும் அண்ணை காலால் தட்டினார்.

ஏப்ரல் 24, வியாழன்
டொக்டரிடம் போனேன். கிடங்கு வெட்டின கதையையும் கோபுரத்துக் கதையையும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அதற்கு மறுமொழியும் வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"பிள்ளை, கோபுரம் பொய்யெண்டால், தாட்டதும் பொய்யோ?"

"அதை என்னாலை சொல்ல ஏலாது, ஐயா. இல்லையெண்டும் சொல்ல ஏலாது, ஓமெண்டும் சொல்ல ஏலாது."

"அப்ப நீர் என்ன டொக்டர்?"

"நித்திரைக்கு டொக்டர்" என்றாள்.

செய்யவிட்டேன். குசினி வாசல்தான். ஒன்றும் தேடவில்லை.

ஜூன் 2, திங்கள்
திருநாள் கொடி ஏறிவிட்டது. புது மணியைக் கோபுரத்தில் ஏற்றுகிறார்கள். அம்புறோஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போகவில்லை. இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறார்கள். கள்ளன் என்று நினைத்தபோது எதிர்த்து நிற்க எனக்கு ஏதோ இருந்தது.

ஜூன் 13, வெள்ளி
மணி அடித்தது. வீட்டிலிருந்தே கேட்டேன். நல்ல மணிதான், குறை சொல்ல ஏலாது. பழைய மணியின் சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. எப்படி நினைத்தாலும் இந்தச் சத்தம்தான் வருகிறது. அதுவும் போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு
மாக்கிறேற் குசினி வாசலில் இருந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். சும்மா சொன்னேன்: "உன்ரை நீலச் சீலையும் அநியாயமாப் போச்சுது."

"நீலமில்லை" என்றாள், தலை நிமிராமல். "பச்சை."

"நீலம்."

"இஞ்சாருங்கோ, சீலை ஆற்றை, என்ரையோ உங்கடையோ? கலியாணத்துக்கு அடுத்த நாள் உடுத்த பச்சைச் சீலை. ஊரை விட்டு வெளிக்கிடேக்கை அலுமாரியைத் திறந்தால் அது இல்லை. துறையிலை கேட்டன், மணிக்கு எடுத்தனாங்கள் எண்டீங்கள். எனக்கு இண்டைக்கும் கோவம்."

"இவ்வளவு காலமும் ஏன் நீ சொல்லேல்லை?"

"ஆரைக் கதைக்க விட்டனீங்கள்?"

மீனைக் கழுவ எழும்பிப் போய்விட்டாள்.

பச்சை என்று எழுதி வைக்கிறேன். ஓரத்தில் வெள்ளைக் கோடு இருந்ததா என்று அவளைத்தான் கேட்கவேண்டும்.