சாக்பீஸ் கோட்டைத் தாண்டிய மஞ்சள்

21 அக்., சனி
விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் தாள் இன்னும் பாதி பாக்கி.

எதிர் வரிசைக் கடைசி வீடு, கன்னியம்மா வாசலில் கூட்டம். சன்ஷேடுக்கு அடியில் போட்டிருக்கும் முருங்கைக் கட்டையிலிருந்து தரைவரை மஞ்சளாக ஏதோ. உள்ளங்கை அகலம், மாவு கரைத்து ஊற்றிய மாதிரி. ஆத்தா வந்திருக்கிறாளாம். அதற்குள் வேப்பிலை, குங்குமம், கற்பூரம்.

கன்னியம்மா: "நேத்து கட்டை மேல இருந்துச்சு டீச்சர். இன்னிக்கு கீய எறங்கி வந்துகினு கீது. சத்தியமா நா தொடல."

சிரித்துவிட்டேன். ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் அறிவியல் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். நாக்கில் கற்பூரம், கையில் விபூதி என்று சாமியார் தந்திரம் எல்லாம் மேடையில் செய்து காட்டியவள். மஞ்சளைச் சுற்றிச் சிமென்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். "நகர்ந்தா பாக்கலாம்க்கா."

22, ஞாயிறு
மழை விட்டது. இவருக்கு ஓவர்டைம்.

மஞ்சள் கோட்டுக்கு வெளியே, நான்கு விரல் தள்ளி. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். சொன்னேன், சத்தமாகவே: "ராத்திரி யாரோ மஞ்சளும் மாவும் கரைச்சு ஊத்தியிருக்காங்க. யார் வீட்டு வாசலோ, அவங்களைத்தான் கேக்கணும்."

"நா ஏன் டீச்சர் ஊத்தப்போறேன்?"

அவள் வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்தார். பினாயில் ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார். கூட்டம் கலைந்தது.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. நல்ல தூக்கம்.

25, புதன்
மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். தாள் முடிந்தது.

குழாயடியில் பிள்ளைகள் கன்னியம்மாவைப் பார்த்து, "மஞ்சமாவு! மஞ்சமாவு!" பாதிக் குடத்தோடு போய்விட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான்.

28, சனி
மறுபடி மழை. பள்ளி இல்லை.

காலையில் கொல்லையில் துணி தோய்க்கப் போனால், கல்லுக்குப் பின்னால் சன்ஷேடுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் பேக்கிங் பலகையில் மஞ்சள். அதே மஞ்சள். கிட்டப் போய்க் குனிந்தால் விளிம்பெல்லாம் நரம்பு நரம்பாக விரிந்திருக்கிறது.

கோடு போட்டேன். கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ரசத்தில் உப்பு இரண்டு தரம். சாயங்காலம் திறந்து பார்த்தால் கோட்டைத் தாண்டியிருக்கிறது. யாரும் வரவில்லை. நானும் ஊற்றவில்லை.

அன்றைக்கும் இதே கோடு, இதே விடை. சோதனை சரியாகத்தான் வந்தது. வந்த விடை பிடிக்காமல் அவளைப் புளுகி ஆக்கினேன். இதுவா நான் மேடையில் பேசுகிற அறிவியல்? வெட்கமாக இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "பேசாம கூட்டித் தள்ளிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

30, திங்கள்
ஸ்டாஃப் ரூமில் பாட்டனி மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டேன். குதிக்காத குறை. செடியில்லை, விலங்கில்லை, காளான்கூட இல்லையாம். கையும் காலும் இல்லாமல் ஊர்ந்துபோய்த் தின்னும் ஓர் உயிர். காய்ந்தால் பொடியாகிவிடும். ஸ்லைம் மோல்டு என்று பெயர்.

"எங்க பாத்தீங்க? மன்றத்துப் பத்திரிகைக்கு உங்க பேர்ல எழுதுங்க!"

"எங்க கொல்லையில" என்றேன். கன்னியம்மா பெயர் வாயில் வரவில்லை. பஸ்ஸில் பாடி ஸ்டாப் தாண்டும்வரை கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சீ.

31, செவ்வாய்
தூறல். லீவு போட்டேன்.

குழாயடிக்குப் போய், எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன்: "கன்னியம்மாக்கா எதையும் ஊத்தலை. அது உயிருள்ளது, தானா ஊருது. எங்க கொல்லையிலயும் இருக்கு. நான் சொன்னது தப்பு."

மாடி வீட்டு அம்மா: "இப்ப டீச்சர் ஊட்லயும் மாவு கரைக்கிறாங்களா?" ஒரே சிரிப்பு. நான் சொல்லிக் கொடுத்த பேச்சுதானே.

கன்னியம்மா சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள். "எங்க கீது? காட்டு."

கொல்லையில் மஞ்சள் இப்போது சன்ஷேடுக்கு அடியிலேயே சுவரோரம். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி அவளே கோடு போட்டாள். தோய்க்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"குந்து டீச்சர். அன்னிக்கு நா இப்டித்தான் குந்திகினு பாத்தேன். பாத்தத்தான் சொன்னேன்."

நானும் குந்தினேன். உலை வைக்கவில்லை. தூறலில் தலை நனைந்தது. மத்தியானத்துக்கு மேல் விளிம்பு கோட்டைத் தொட்டது, அப்புறம் மெல்ல அதன் மேல் ஏறியது.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா. மன்னிச்சிருங்க."

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "கொழாயாண்ட சொன்னா போதுமா? எங்க ஊட்டுக்காரராண்ட வந்து சொல்லு. கட்டையக் கழுவி வுட்டாரே, அன்னிலேந்து எங்கூடப் பேசல அவரு."

குடத்தை எடுக்கக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

கன்னியம்மா வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் அரை மணி. புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.